கடல் வேலைக்குப் போகும் வழி: பேரணாம்பட்டு இளைஞர்களும் பெற்றோரும் அறிய வேண்டியவை

படகோட்டவும் கப்பல் வேலை பழகவும் விரும்பும் இளைஞருக்கு இந்தியாவில் நேரான வழிகள் மூன்று: பள்ளி, கல்லூரியில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) கடற்படைப் பிரிவு, பாய்மரப் படகுச் சங்கங்களின் விளையாட்டுப் பயிற்சி, வணிகக் கப்பல் வேலைக்கான அரசு ஒப்புதல் பெற்ற படிப்பு. பேரணாம்பட்டில் இவை எளிதில் கண்ணில் படுவதில்லை. கடற்கரை 150 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான். தோல் ஷாப்பும் ஷூ கம்பெனியும் தெரிந்த வீடுகளில் கப்பலேறிய உறவினர் இருப்பது அரிது. விசாரிக்க ஆள் இல்லாத இந்த இடத்தில்தான் ஏஜென்ட் நுழைகிறார்.

கடலிலிருந்து தள்ளியிருப்பது தடையல்ல. வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் ராணுவத்தின் பாய்மரப் படகு வீரராகி, டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக் இரண்டிலும் கலந்துகொண்டார். ஹாங்சோ ஆசிய விளையாட்டில் வெண்கலமும் வென்றார். சென்னையில் தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும், 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பும் இந்த விளையாட்டை வளர்த்து வருகின்றன.

என்.சி.சி. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. அதன் கடற்படைப் பிரிவில் துடுப்புப் படகு, பாய்மரப் படகு, கொடிச் சைகை, கப்பல் மாதிரி செய்தல் ஆகியவை கற்றுத் தரப்படுகின்றன. பள்ளி நிலையில் 2 ஆண்டு முடித்தால் ‘ஏ’ சான்றிதழுக்கும், கல்லூரி நிலையில் 3 ஆண்டுக்குள் ‘பி’, ‘சி’ சான்றிதழ்களுக்கும் தேர்வெழுதலாம். மாணவிகளுக்கும் இடம் உண்டு. சேர்வது முழுக்க விருப்பத்தின் பேரில்தான். சேர்ந்ததால் ராணுவப் பணிக்குப் போயாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தேர்வுக்கும் பயிற்சிக்கும் கட்டணம் கிடையாது. பள்ளி, கல்லூரியிலுள்ள என்.சி.சி. அலுவலர் வழியாகவே சேர்க்கை நடப்பதால், வெளியாள் ஒருவர் ‘இடம் வாங்கித் தருகிறேன்’ என்று பணம் கேட்டால் அது பொய். வேலூர்ப் பக்கத்துக் கல்வி நிலையங்களில் பெரும்பாலும் தரைப்படைப் பிரிவே இருக்கிறது. கடற்படைப் பிரிவுதான் வேண்டும் என்பவர், கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அங்கு அது உண்டா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நீரில் இறங்கும் எந்தப் பயிற்சியிலும் முதல் உரிமை உயிர்ப் பாதுகாப்பு. 2024 ஜனவரி 18 அன்று குஜராத்தின் வதோதராவில், ஹர்ணி ஏரிக்குச் சுற்றுலா வந்த பள்ளிப் பிள்ளைகளின் படகு கவிழ்ந்து 12 மாணவர்களும் 2 ஆசிரியைகளும் இறந்தனர். படகில் அளவுக்கு மீறி ஆட்கள் இருந்தார்கள். பலருக்கு லைஃப் ஜாக்கெட் இல்லை. ஆகவே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் பெற்றோர், ஒவ்வொரு பிள்ளைக்கும் உடலளவுக்குப் பொருந்தும் ஜாக்கெட் உண்டா, மீட்புப் படகு உடன் வருமா, நீந்தத் தெரியாதவருக்கு என்ன ஏற்பாடு, காப்பீடு யார் பெயரில் எடுக்கப்படுகிறது என்று கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. பதில் தராத இடத்துக்குப் பிள்ளையை அனுப்பக் கூடாது. முகாமில் அடி, சீண்டல் நேர்ந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண் இருக்கிறது.

பெரும் பணமும் பெரும் ஏமாற்றும் புழங்குவது ‘மெர்ச்சன்ட் நேவி’ என்ற பெயரில்தான். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு உரியது ஜி.பி. ரேட்டிங் எனப்படும் 6 மாதப் பயிற்சி. அதற்கு ஆங்கிலத்தில் 40 விழுக்காடு மதிப்பெண்ணும் வேண்டும். அதிகாரியாக விரும்புபவர் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்து, இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் நடத்தும் பொது நுழைவுத் தேர்வை எழுத வேண்டும். 2008-இல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையிலேயே இருக்கிறது. பயிற்சி நிலையத்துக்குக் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் ஒப்புதல் கட்டாயம். ஒப்புதல் பட்டியல் அதன் இணையதளத்தில் எவரும் பார்க்கும்படி உள்ளது. நிறக்குருடு உள்ளவர் கப்பல் தளப் பணிக்குத் தகுதி பெற மாட்டார். எனவே பணம் கட்டும் முன்பே அங்கீகாரம் பெற்ற மருத்துவரிடம் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

படிப்புக்குக் கட்டணம் உண்டு, வேலைக்குக் கட்டணம் இல்லை. இந்த ஒரு வேறுபாடு தெரியாததால்தான் நகை அடகுக்குப் போகிறது. கப்பலில் ஆள் சேர்க்கும் நிறுவனத்துக்கு அரசு விதிகளின்படி உரிமம் வேண்டும். அதன் எண் ஆர்.பி.எஸ்.எல். என்று தொடங்கும். உரிமம் பெற்ற நிறுவனமும் வேலை தருவதற்காகக் கடலோடியிடம் பணம் வாங்கக் கூடாது. இந்தியா 2015-இல் ஏற்ற கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் இதையே சொல்கிறது: மருத்துவச் சான்று, கடலோடிக்கான அடையாளப் புத்தகம், பாஸ்போர்ட் போன்ற பயண ஆவணம் ஆகியவற்றின் செலவு மட்டுமே வேலை தேடுபவருடையது. விசா செலவு கப்பல் உரிமையாளருடையது. 16 வயதுக்குக் குறைந்தவரைக் கப்பலில் வேலைக்கு வைக்கக் கூடாது. 18 வயது ஆகாதவருக்கு ஆபத்தான வேலை தரக் கூடாது.

ஏமாற்று நடக்கும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். முன்பணம் ரொக்கமாகவோ தனிநபர் கணக்கிலோ வாங்கப்படும். வேறு நாட்டின் சி.டி.சி. (கடலோடிக்கான அடையாளப் புத்தகம்) என்று ஒன்று கையில் தரப்படும். சுற்றுலா விசாவில் வளைகுடா நாட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே காத்திருப்பது பெயர் தெரியாத ஒரு சிறு கப்பல், சம்பளம் வராத மாதங்கள். ஒப்பந்தத்தில் கப்பலின் பெயர், அதன் அடையாளமான ஐ.எம்.ஓ. எண், சம்பளம், காலம் நான்கும் எழுதப்படாமல் விமானம் ஏறக் கூடாது.

கடலில் கைவிடப்பட்டவருக்கும் உரிமை உண்டு. இரண்டு மாதச் சம்பளம் தராவிட்டாலோ, உணவும் ஊர் திரும்பும் செலவும் மறுக்கப்பட்டாலோ, உடன்படிக்கைப்படி அது கைவிடுதல். 2017 முதல் கப்பல் உரிமையாளர்கள் இதற்கென நிதிப் பாதுகாப்பு வைத்திருக்க வேண்டும். அதிலிருந்து நான்கு மாதம் வரையான சம்பள பாக்கியும் திரும்பும் செலவும் கோரலாம். குடும்பத்தார் இந்தியத் தூதரகத்துக்கும், கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்துக்கும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறைக்கும் ஒரே நாளில் எழுத வேண்டும். வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ இணையதளத்திலும் புகாரைப் பதியலாம்.

உள்ளூரில் பணம் இழந்தவர் முதலில் ரசீது, வங்கி விவரம், வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்த வேண்டும். ஏஜென்ட் சென்னையிலோ மும்பையிலோ இருந்தாலும் பேரணாம்பட்டு காவல் நிலையம் புகாரைப் பெற மறுக்க முடியாது. பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவின்படி, ஏமாற்றிப் பணம் பறித்ததற்கு 7 ஆண்டு வரை சிறை உண்டு. காவல் நிலையம் பதிவு செய்யாவிட்டால் புகாரின் சாரத்தை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். பணம் இணையவழி போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே அழைக்க வேண்டும். தாமதித்தால் பணம் கணக்கு மாறிவிடும். சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்தில், புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். சேவைக்காகக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியல் வகுப்பினர், பழங்குடியினர், வருமானம் குறைந்தோர் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தரும். அதன் உதவி எண் 15100.