வளரும் சிறுமியருக்கான ஆடை அளவமைப்பு

வளரும் சிறுமியருக்கான ஆடை அளவமைப்பு என்பது, ஏறத்தாழ 5 முதல் 14 வயது வரையுள்ள சிறுமியருக்குத் தைக்கும் ஆடைகளின் வெட்டு மாதிரியை அவர்களின் உடலுக்கேற்பத் திருத்துவதையும், உடல் வளர்ந்த பின்னும் ஆடை பயன்படும் வகையில் உள்ளே துணி விட்டுத் தைப்பதையும் குறிக்கும். வெட்டு மாதிரியைத் தையல் பயில்வோர் பேப்பர் கட்டிங் என்பர். தோள், கழுத்து, கைக்குழி ஆகியவை இன்றைய உடலுக்குச் சரியாக இருக்க வேண்டும். நீளத்திலும் பக்கத் தையலிலும் நாளைய வளர்ச்சிக்கு இடம் விட வேண்டும். இதுவே இம்முறையின் அடிப்படை. ஆடையை மொத்தமாகப் பெரிதாகத் தைப்பது இதற்கு மாற்றாகாது.

அளவுச் சட்டையின் குறை

நன்றாகப் பொருந்தும் பழைய சட்டை ஒன்றைத் தையல்காரரிடம் கொடுத்து, அதைப் பார்த்துத் தைக்கச் சொல்வது தமிழ்நாட்டில் பரவலான வழக்கம். இது அளவுச் சட்டை எனப்படும். வளர்ந்து முடிந்தவர்களுக்கு இது ஏற்ற வழியே. வளரும் சிறுமியின் அளவுச் சட்டையோ, ஆறு மாதமோ ஓராண்டோ முன்பிருந்த உடலைத்தான் காட்டும். "இதைவிட இரண்டு இஞ்ச் பெரிதாக" என்று சொல்லிக் கொடுத்தாலும் சிக்கல் தீராது. எல்லா உறுப்புகளும் ஒரே வேகத்தில் வளர்வதில்லை. இரண்டு அங்குலம் நீளத்தில் தேவைப்படும் சிறுமிக்குத் தோளில் கால் அங்குலம்கூடத் தேவைப்படாமல் இருக்கலாம்.

வளர்ச்சியின் இயல்பு

பள்ளி சேரும் வயது முதல் பூப்புக்கு முந்தைய காலம் வரை பிள்ளைகள் பொதுவாக ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. உயரம் கூடுவர். பின்னர் வரும் விரைவு வளர்ச்சிக் காலத்தில் சிறுமியர் ஓராண்டில் 8 செ.மீ. அளவுக்கு உயர்வதுண்டு. பெரும்பாலோருக்கு இது 11, 12 வயதையொட்டி அமையும். ஆனால் ஒரே வகுப்பில் படிக்கும் இரு சிறுமியருக்கிடையே இரண்டு மூன்று ஆண்டு முன்பின் இருப்பதும் இயல்பே. முதல் மாதவிடாய் பெரும்பாலும் இந்த விரைவு வளர்ச்சியின் உச்சம் கடந்த பின்னரே வருகிறது. அதன்பின் உயரம் கூடும் வேகம் குறையும்.

விரைவு வளர்ச்சியில் முதலில் பாதமும் காலும் நீள்கின்றன. உடற்பகுதி பின்னரே நீள்கிறது. அதனால் முதலில் பாவாடை கணுக்காலை விட்டு மேலேறும். சில மாதங்கள் கழித்தே சட்டை இடுப்பை விட்டு ஏறும். சிறு வயதில் மார்புச் சுற்றளவு ஆண்டுக்கு ஓரங்குலம் அளவிலேயே கூடும். பூப்புக் காலத்தில் சுற்றளவு கூடுவதோடு உடலின் வடிவமும் மாறும். அப்போது அளவை மட்டும் மாற்றினால் போதாது. மாதிரியையே மாற்ற வேண்டும்.

அளவு முறைகளின் வரலாறு

அளவு வாரியாகத் தரப்படுத்திய காகித மாதிரிகளை அமெரிக்கத் தையல்காரர் எபனேசர் பட்டரிக் 1863-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அவர் முதலில் விற்றவை ஆண்களுக்கும் சிறுவர்களுக்குமான மாதிரிகள். பின்னர் பிள்ளைகளின் ஆடைகளுக்கு வயதையே அளவாகக் குறிக்கும் வழக்கம் பரவியது. 1930-களின் இறுதியில் அமெரிக்க வேளாண்மைத் துறை சுமார் 1,47,000 பிள்ளைகளை அளந்து, முடிவுகளை 1941-இல் வெளியிட்டது. வயதைக் கொண்டு ஆடையளவை முடிவு செய்வது நம்பத்தக்கதல்ல என்பதும், உயரமும் இடுப்பின் கீழ்ச் சுற்றளவுமே சிறந்த அடிப்படை என்பதும் அதிலிருந்து தெரிந்தன. ஐரோப்பிய நாடுகளில் இன்று பிள்ளைகளின் ஆடையளவு பெரும்பாலும் சென்டிமீட்டரில் உயரமாகவே குறிக்கப்படுகிறது.

இந்தியாவில் தேசிய ஆடை வடிவமைப்புத் தொழில்நுட்ப நிறுவனம் மேற்கொண்ட 'இந்தியா சைஸ்' அளவெடுப்புத் திட்டம் 15 முதல் 65 வயது வரையுள்ளவர்களுக்கானது. 15 வயதுக்குட்பட்ட சிறுமியர் அதில் அடங்கவில்லை. ஆகவே கடை ஆடையில் '10 வயது' என்று போட்டிருப்பதை நம்பாமல், சிறுமியை நேரில் அளந்து தைப்பதே சிறந்தது.

அளவெடுத்தல்

மெல்லிய உள்ளாடையின் மேல், சிறுமி இயல்பாக நிமிர்ந்து நிற்கும்போது அளக்க வேண்டும். குறிக்க வேண்டியவை: பின் தோள் அகலம், மார்புச் சுற்றளவு, இடுப்புச் சுற்றளவு, இடுப்பின் கீழ்ச் சுற்றளவு, பின்கழுத்து எலும்பிலிருந்து இடுப்பு வரையிலான நீளம், கை நீளம், மேற்கைச் சுற்றளவு, இடுப்பிலிருந்து முழங்கால் அல்லது கணுக்கால் வரையிலான நீளம், மொத்த உயரம்.

சிறு பிள்ளைகளுக்கு இடுப்பு எங்கே என்று எளிதில் தெரியாது. வயிற்றைச் சுற்றி ஒரு நாடாவைக் கட்டிப் பக்கவாட்டில் வளையச் சொன்னால், நாடா சென்று நிற்கும் இடமே இடுப்பு. பூப்புப் பருவத்திலுள்ள சிறுமியரைப் பெண்களே, மற்றவர் கண்ணில் படாத இடத்தில் அளக்க வேண்டும். அளவைச் சத்தமாகச் சொல்லாமல் எழுதிக்கொள்வது நல்லது. கூச்சத்தால் தோளைக் குறுக்கி நிற்கும் பிள்ளையிடம் எடுத்த அளவு சரியாக இருக்காது. அளவுகளைத் தேதியுடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை மீண்டும் அளந்தால், பிள்ளை எங்கே, எந்த வேகத்தில் வளர்கிறாள் என்பது தெரிந்துவிடும்.

மாதிரியைத் திருத்துதல்

இரண்டு அளவுகளுக்கு இடைப்பட்ட சிறுமிக்குத் தோளுக்கும் மேல்மார்புக்கும் பொருந்தும் மாதிரியையே தேர்ந்தெடுக்க வேண்டும். நீளத்தையும் அகலத்தையும் பின்னர் கூட்டலாம். தொங்கும் தோளைச் சரிசெய்வது கடினம்.

நீளம்: சட்டை மாதிரியை மார்புக்கும் இடுப்புக்கும் இடையே குறுக்காக வெட்டி, வேண்டிய அளவு விலக்கி, அடியில் வேறு தாள் ஒட்டிப் பக்கக் கோட்டைச் சீராக்க வேண்டும். கீழ் விளிம்பில் மட்டும் நீளம் கூட்டினால் இடுப்பு வளைவு மேலேயே நின்றுவிடும்.

அகலம்: முன், பின் துண்டுகளின் பக்க விளிம்பு ஒவ்வொன்றிலும் அரை அங்குலம் கூட்டினால், நான்கு விளிம்புக்கும் சேர்த்துச் சுற்றளவில் 2 அங்குலம் கூடும். அதற்கு மேல் தேவைப்பட்டால் அடுத்த அளவு மாதிரிக்குப் போக வேண்டும்.

கைக்குழி: கையைத் தூக்கும்போது சட்டை முழுவதும் மேலேறினால், கைக்குழி சிறியது என்று எண்ணி மேலும் வெட்டிவிடுவர். பெரும்பாலும் உண்மை இதற்கு நேர்மாறானது. கைக்குழி தேவைக்கு மேல் ஆழமாக இருப்பதே கையோடு சட்டையை இழுக்கிறது.

டாட்: 11, 12 வயதையொட்டிச் சட்டையின் முன் விளிம்பு மட்டும் மேலே தூக்கி, பக்கத்தில் சாய்வான மடிப்புகள் விழத் தொடங்கும். முன்பக்கத்துக்குக் கூடுதல் துணி தேவை என்பதற்கு அது அறிகுறி. முன் துண்டின் நீளத்தைக் கூட்டி, கூடுதலைப் பக்கத் தையலில் சிறிய டாட்டாகப் பிடிக்க வேண்டும். இதற்குப் பதில் பெரிய அளவுச் சட்டை தைத்தால் தோள் தொங்கும், கழுத்து அகன்று நழுவும், முன்பக்கம் அப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும்.

நல்ல துணியில் வெட்டுமுன் பழைய வேட்டியிலோ காடாத் துணியிலோ தைத்துப் பார்ப்பது நட்டத்தைத் தவிர்க்கும். சிறுமி கண்ணாடி முன் நிற்கும்போது பொருந்தினால் மட்டும் போதாது. இரு கைகளையும் தூக்குவது, சம்மணமிட்டு உட்காருவது, குனிந்து எழுதுவது, புத்தகப்பையை மாட்டுவது ஆகிய நான்கையும் செய்யச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

வளர்ச்சிக்கு விடும் துணி

பருத்தித் துணியை வெட்டுமுன் இரவு முழுதும் நீரில் ஊறவைத்து, காயவைத்துத் தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால், வளர்ச்சிக்கென விட்ட துணியை முதல் சலவையே எடுத்துக்கொள்ளும்.

பாவாடைக்கு டக் பிடிப்பது தமிழ்நாட்டு வீடுகளில் நெடுங்காலமாக உள்ள முறை. அரை அங்குல ஆழமுள்ள ஒரு டக்கில் ஓரங்குல நீளத் துணி அடங்கும். மூன்று டக் பிடித்தால் 3 அங்குலம் கையிருப்பு. உயரம் ஆண்டுக்கு 5 முதல் 6 செ.மீ. கூடும்போது பாவாடையின் தேவை ஏறத்தாழ ஒன்றரை அங்குலமே கூடும் என்பதால், இது இரண்டு ஆண்டுக்குத் தாங்கும். பட்டுப்பாவாடையில் கரையை ஒட்டி மேலே டக் பிடித்தால் தையல் கண்ணில் படாது. டக்குகளை ஒன்றன்பின் ஒன்றாகவே பிரிக்க வேண்டும். வெளுத்த துணியில் தெரியும் பழைய மடிப்புக் கோட்டை லேஸ் அல்லது அலங்காரத் தையலால் மறைக்கலாம்.

இடுப்பு வளைவு இல்லாத சிறு பிள்ளைகளுக்குப் பாவாடை நழுவும். ஆதலால் கையில்லாத மேற்பகுதியுடன் சேர்த்துத் தைப்பர். சற்று வளர்ந்த பின் நாடாவோ எலாஸ்டிக்கோ போதும்.

சட்டைக்கு ஓர் எடுத்துக்காட்டு: மார்பு 25 அங்குலம். தளர்வுக்கு 4 சேர்த்தால் 29. அதில் கால் பங்கு 7¼. தையலுக்கு ½, வளர்ச்சிக்கு ½ சேர்த்து 8¼ அங்குலத்தில் வெட்ட வேண்டும். பின்னர் பக்கத் தையலைப் பிரித்தால் சுற்றளவில் 2 அங்குலம் கிடைக்கும். கையின் அடித்தையலிலும் அதே அரை அங்குலத்தை விட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் விரித்த கைக்குழியோடு கை பொருந்தாது. பலர் மறப்பது இதைத்தான். ஓவர்லாக் செய்யும்போது இந்த உள்துணியைக் கத்தரித்துவிடக் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வட சென்னையில்

பேசின் பிரிட்ஜைச் சுற்றியுள்ள பகுதிக்குத் துணியோடு நீண்ட தொடர்புண்டு. கிழக்கிந்தியக் கம்பெனியின் துணிகளை வெளுத்தவர்கள் வாழ்ந்ததால் வண்ணாரப்பேட்டை அப்பெயர் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் தொடங்கிய பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகள் 1990-களில் மூடப்படும் வரை பெரம்பூர், புளியந்தோப்பு வட்டாரத்தின் முதன்மைத் தொழிலாக இருந்தன. காக்கித் துணிக்கு அவை பெயர் பெற்றவை. பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோடு இன்றும் துணிக்கும் ஆயத்த ஆடைக்கும் பெயர் பெற்ற கடைத்தெரு. பெரம்பூர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராக இருந்த சத்தியவாணி முத்துவின் நினைவாக, ஏழைப் பெண்களுக்கு விலையில்லாத் தையல் இயந்திரம் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு நடத்துகிறது.

சத்துணவுத் திட்டத்தில் பயன்பெறும் மாணவர்களுக்கு விலையில்லாச் சீருடை வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் 1985-இல் தொடங்கியது. 2012–13 கல்வியாண்டு முதல் ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகள் வழங்கப்படுகின்றன. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்க உறுப்பினர்கள் இவற்றைத் தைக்கின்றனர். இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் தைக்கும்போது அளவெடுக்கும் நாளுக்கும் ஆடை கைக்கு வரும் நாளுக்கும் இடைவெளி இருக்கவே செய்யும். விரைவு வளர்ச்சியிலுள்ள சிறுமி மூன்று மாதத்தில் 2 செ.மீ. உயர்ந்துவிடலாம். எனவே சீருடை கிடைத்ததும் போட்டுப் பார்த்து, இறுகினால் பக்கத்தில் பிரித்தும், பெரிதானால் தோளைக் குறைத்தும் தைத்துக்கொள்வது பயன் தரும்.

பொருந்தாத சீருடை தோற்றத்தை மட்டும் கெடுப்பதில்லை. இறுகிய சட்டை அணிந்த சிறுமி கரும்பலகையில் எழுதக் கை தூக்கமாட்டாள்; விளையாட்டு வகுப்பில் ஒதுங்கி நிற்பாள்; புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடப்பாள். அவள் வாய்விட்டுச் சொல்வது அரிது. பக்கத் தையலில் விட்டு வைத்த அரை அங்குலத் துணி, பிரித்துத் தைக்க ஒரு மணி நேரம் ஆகும். புதுச் சட்டைக்குக் காத்திராமல் இந்த இடரைத் தீர்த்துவிடலாம்.