ஐஸ் இல்லாத ஊருல ஒரு தூண்டில்!

‘மாமா, நாமளும் ஐஸ் மேல உக்காந்து மீன் பிடிக்கலாமா?’

அக்கா பொண்ணு இப்படிக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவளுக்கு ஆறு வயசு. தம்பிக்கு நாலு. வீடு காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம். எங்க ஊருல ஐஸ்னா அது பெல் அடிச்சுக்கிட்டு வர்ற வண்டியில இருக்குற குச்சி ஐஸ்தான்!

எல்லாத்துக்கும் காரணம் ஒரு வீடியோ கால். ஸ்கார்பரோவுல செட்டில் ஆன என் கசின் ஃபேமிலி, பிப்ரவரி மாசம் தங்களோட வாண்டுகளை முதல் தடவையா சிம்கோ ஏரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தாங்க. டொரன்டோவுக்கு வடக்கே, கார்ல ஒரு மணி நேரத் தூரம். குளிர்காலத்துல ஏரி உறைஞ்சதும், அது மேல குட்டிக் குடிசைங்க முளைச்சுடும். பனியில துளை போட்டு, உள்ளே தூண்டிலை இறக்கிட்டு உக்காந்துட வேண்டியதுதான்.

‘ஐஸுக்கு அடியில மீன் எப்படி மாமா உயிரோட இருக்கும்?’ன்னு அடுத்த கேள்வி. நல்லவேளை, ப்ளஸ் டூ ஃபிசிக்ஸ் கைகொடுத்துச்சு. தண்ணி 4 டிகிரி செல்சியஸ்லதான் ரொம்ப கனமா இருக்கும். அதனால அது அடியில தங்கிடும். அதைவிடக் குளிர்ந்த தண்ணி மேல வந்து உறையும். ஐஸும் தண்ணியை விட லேசு, அதனால மிதக்கும். மேலே ஐஸ் மூடி, கீழே தண்ணி. மீன்களுக்கு அது போர்வை மாதிரி!

‘சரி, நாம எப்போ போறோம்?’னு கேட்டா பாருங்க... சரண்டர் ஆயிட்டேன்.

சித்தப்பா என்ட்ரி

எனக்குத் தூண்டில் பிடிக்கக்கூடத் தெரியாது. தெரிஞ்ச ஒரே ஆள் சித்தப்பா. நாப்பது வருஷத்துக்கு மேல பட்டுத் தறியில உக்காந்தவர். விஷயத்தைச் சொன்னதும், ‘மீன் பிடிக்க டூரா?’ன்னு சிரிச்சார். அப்புறம்தான் அந்தக் கதையைச் சொன்னார்.

குழித்தறின்னா தெரியும்ல? தரையில குழி தோண்டி, அதுக்குள்ள காலை விட்டு மிதிச்சு நெய்யுற தறி. ஐப்பசி, கார்த்திகை மழையில அந்தக் குழியில தண்ணி ஊறிடும். பாவும் ஈரம் பிடிக்கும். தறி ஓடாது. தறி ஓடலைன்னா கூலி இல்லை. அந்த மாதிரி நாள்லதான் தாத்தா தூண்டிலை எடுத்துட்டு ஏரிக்குப் போவாராம். ஜாலிக்கு இல்லை, குழம்புக்கு!

‘உங்களையும் கூட்டிட்டுப் போவாராங்க சித்தப்பா?’

‘போவார். மழை விட்டா அதுவும் கிடையாது. எட்டு வயசுல நான் கோர்வைச் சேலைக்கு எதிர் ஓரத்துல உக்காந்து நாடா தள்ளிட்டு இருந்தேன்டா.’

கோர்வைச் சேலையில உடம்பு ஒரு கலர், பார்டர் வேற கலர். அதுக்குத் தறியில இன்னொரு கை வேணும். அந்தக் காலத்துல அது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைங்க கை. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986-ல வந்துச்சு. ஆனா, சித்தப்பாவோட சின்ன வயசு அதுக்கு முன்னாடியே தறிக்குள்ள போயிடுச்சு. மீன் பிடிக்கத் தெரியும் அவருக்கு. ஜாலியா மீன் பிடிச்சது மட்டும் இல்லை.

‘ஞாயித்துக்கிழமை போலாம்டா’ன்னார், அவரே.

மூங்கில் சொன்ன பாடம்

போன இடம் வாலாஜாபாத் பக்கம் இருக்குற தென்னேரி. பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ‘ஏரி மாவட்டம்’னு சும்மாவா பேர் வெச்சாங்க? வடகிழக்குப் பருவமழை நல்லா பெஞ்சா, மாசி வரைக்கும் தண்ணி கண்ணுக்கு எட்டின தூரம் நிக்கும். பொதுவா ஏரி மீனைக் குத்தகைக்கு விடுறது வழக்கம். அதனால ஊர்க்காரங்ககிட்ட கேட்டு, சரின்னு சொன்ன பிறகுதான் கரையிலயே உக்காந்தோம்.

எக்யுப்மென்ட் ரொம்ப சிம்பிள். மூங்கில் கழி, நைலான் நரம்பு, தூண்டில் முள், தக்கைக்கு மயில் இறகுத் தண்டு. இரை, மண்புழு. அதைத் தோண்டுறதுக்குள்ளேயே வாண்டுகள் ரெண்டும் மண்ணுல முங்கி எழுந்தாச்சு.

சின்னவன் குடுகுடுன்னு தண்ணியைப் பார்த்து ஓடினான். சித்தப்பா சட்டுனு கையைப் பிடிச்சு நிறுத்திட்டார். ஒரு வார்த்தை திட்டலை. கையில இருந்த மூங்கிலைத் தண்ணியில விட்டுக் காட்டினார். ஓரத்துல முழங்கால் அளவு. ரெண்டு அடி தள்ளி விட்டார். முழுக் கழியும் உள்ளே போயிடுச்சு!

எனக்கு வயித்தைப் பிசைஞ்சுது. மண் எடுத்த பள்ளம். மேல பார்த்தா அதே அமைதியான தண்ணிதான். ஏரி, குட்டைன்னு ஒவ்வொரு லீவுலயும் பசங்க மூழ்கிப்போற செய்தி படிக்கிறோமே, அதுக்குப் பின்னாடி பல தடவை இந்த மாதிரிப் பள்ளம்தான் இருக்கு.

அப்பதான் கசின் சொன்னது ஞாபகம் வந்துச்சு. சிம்கோவுல முதல்ல பனியைத் துளைச்சு கனம் பார்ப்பாங்களாம். ஆள் நடக்கவே குறைஞ்சது 10 சென்டிமீட்டர் தெளிவான, கெட்டியான பனி வேணும்னு கணக்கு. 15 இருந்தா நல்லதுன்னு சொல்றவங்களும் உண்டு. அங்கே துளைக் கருவி, இங்கே மூங்கில் கழி. கண்ணை நம்பாதே, அளந்து பாருங்கிறது ரெண்டு ஊருக்கும் ஒரே பாடம்!

தக்கை ஆடுச்சு!

முதல் பத்து நிமிஷம் செம சைலன்ஸ். பதினொண்ணாவது நிமிஷம், ‘மீன் எப்போ வரும்?’ அப்புறம் ஒண்ணுக்கு. அப்புறம் பசி. அப்புறம் நண்டு வளை. தக்கையைப் பார்த்துட்டு இருந்தது நானும் சித்தப்பாவும் மட்டும்தான். ‘டேய், ஒரு இடத்துல உக்காருங்கடா’ன்னு நான் கத்தப்போனப்ப சித்தப்பா தடுத்தார். ‘விடுறா. உக்கார வேண்டிய வயசா அது?’

எட்டு வயசுல தறி ஓரம் உக்காந்தவர் சொல்றார். நான் வாயை மூடிக்கிட்டேன்.

ஒன்பது மணி சுமாருக்கு தக்கை ஆடுச்சு. பெரியவ கழியைத் தூக்கினா. உள்ளங்கை அளவு ஜிலேபி கெண்டை! 1952-ல இந்தியாவுக்கு வந்து, நம்ம ஏரி குளமெல்லாம் பரவிட்ட வெளிநாட்டு மீன். தாய் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயிலயே வெச்சுக் காப்பாத்தும்னு சொன்னேன். பெரியவ பதறிட்டா. ‘ஐயோ, இது அம்மாவா?’ சித்தப்பா மீன் வாயைத் திறந்து காட்டினார். ‘இல்லடா கண்ணு. வாயில குஞ்சு இருந்தா அது சரியா இரைகூட எடுக்காது. தூண்டிலுக்கு வராது.’

அடுத்து சித்தப்பா தூண்டில்ல ஒண்ணு மாட்டுச்சு. கரைக்கு வர்றதுக்குள்ள நழுவிடுச்சு. குழம்புக்கு மீன் பிடிச்ச காலத்துல அது நஷ்டம். அன்னிக்கு மனுஷன் கைதட்டிச் சிரிச்சார். அவர் அப்படிச் சிரிச்சு நான் பார்த்ததே இல்லை.

குட்டீஸோட கிளம்புறீங்களா பாஸ்?

* ரெண்டு வாண்டுக்கு ரெண்டு பெரியவங்க. ஒருத்தர் கண் எப்பவும் பிள்ளைங்க மேல, தக்கை மேல இல்லை.
* ஆழத்தை நீங்க அளந்த பிறகுதான் பிள்ளைங்களைக் கரைக்குக் கூட்டிட்டு வரணும்.
* யாராவது விழுந்தா நீட்ட நீளமான கழி, கயிறு ரெடியா இருக்கட்டும். நீச்சல் தெரியாம பின்னாடியே குதிக்காதீங்க.
* தூண்டில் முள்ளை மாட்டுறதும் கழட்டுறதும் பெரியவங்க வேலை.
* அறுந்த நரம்பை அங்கேயே போடாதீங்க. பறவைங்க கால்ல சுத்திக்கும்.
* ‘வீட்டுக்குப் போலாம்’னு சொன்ன நிமிஷமே கிளம்பிடுங்க. அடுத்த தடவை அவங்களே கூப்பிடுவாங்க.

சாயந்திரம் மறுபடியும் வீடியோ கால். ‘எத்தனை மீன்?’னு கசின் கேட்டாங்க. ‘ஒண்ணு. உங்களுக்கு?’ன்னேன். ‘மூணு மணி நேரம் உக்காந்தும் ஒண்ணும் மாட்டலை. பசங்களுக்கு ஞாபகம் இருக்கிறது ஹாட் சாக்லேட் மட்டும்தான்’னு சிரிச்சாங்க.

எங்க சின்னவன் போனைப் பிடுங்கி, உலகத்துக்கே அறிவிச்சான். ‘நாங்க புழு பிடிச்சோமே!’

மூலையில கழியைத் துடைச்சுட்டு இருந்த சித்தப்பா மெதுவா கேட்டார்: ‘அடுத்த ஞாயித்துக்கிழமை உனக்கு காலேஜ்ல ஒண்ணும் இல்லையே?’