ரப்பர் மரமும் தாவரத் தோட்டங்களும்

தாவரத் தோட்டம் என்றால் மாலைவேளையில் உலாவுதற்கேற்ற பூங்கா என்றே நம்மவரில் அநேகர் எண்ணுகின்றனர். அங்குள்ள ஒரு மரம் எங்கிருந்து வந்தது, எதற்காகக் காக்கப்படுகிறது என்று வினவுவோர் மிகச் சிலர். கன்னியாகுமரி ஜில்லாவில் ரப்பர் பயிரிடுவோரேனும் இதனை அறிந்திருத்தல் நலம். அவர்களுடைய மரங்களின் மூதாதை லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்ததாகும்.

1876-ஆம் வருஷம் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், பிரேஸில் தேசத்துத் தபஜோஸ் நதிப் பிரதேசத்தில் ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளைச் சேகரித்துக் கியூவில் சேர்ப்பித்தார். ரப்பர் விதை, நெல்லைப்போல் உலர்த்திக் குதிரில் வைக்கத்தக்கதன்று; பலாக்கொட்டையைப்போல் ஈரம் வற்றினால் உயிர் போய்விடும். ஆகையால் நூற்றுக்கு நான்கு விதையளவே முளைத்தன. அக்கன்றுகளில் 1,919 இலங்கைக்கு அனுப்பப்பட்டு, ஹெனரத்கொடையில் இதற்கென ஏற்படுத்திய தோட்டத்தில் நடப்பட்டன. மறுவருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூர்த் தோட்டத்தை அடைந்தன.

கன்று வந்ததனால் மட்டும் பயிர் வந்துவிடவில்லை. 1888-இல் சிங்கப்பூர்த் தோட்டத்தின் தலைமையேற்ற ரிட்லி என்பார், பட்டையை மெல்லியதாகச் சீவி, அதே வெட்டுவாயை மறுபடி மறுபடி புதுப்பித்தால் பால் பெருகும் என்று பரீக்ஷித்துக் காட்டினார். விதையை வலியக் கொடுத்து நடச் சொன்னார். தோட்டக்காரர்கள் அவரைப் பித்தர் என்றனர். (அப்பட்டம் எம்மைப்போன்ற டிமான்ஸ்ட்ரேட்டர்களுக்கும் புதிதன்று.) 1896-இல் மலாக்காவில் டான் சே யான் என்னும் சீனர் துணிந்து பயிரிட்ட பிறகே மற்றவர் பின்தொடர்ந்தனர். பின்னர் அம்மரங்களில் பால் எடுக்கத் தமிழ்நாட்டினின்று கப்பலேறியவர் எத்தனையோ ஆயிரம்.

இதில் ஓர் அபாயமும் உண்டு. ஆசியாவின் ரப்பர் மரங்களில் மிகப் பெரும்பாலானவை விக்காம் கொணர்ந்த விதையின் சந்ததியே. பிரேஸிலிலோ, இலைக்கருகல் என்னும் பூஞ்சண நோய் இருக்கின்றது. காட்டில் ரப்பர் மரங்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரத்தில் நிற்பதால் அது கடுமையாகப் பரவுவதில்லை. 1928 முதல் அமெரிக்க மோட்டார் முதலாளி ஹென்றி போர்டு அதே தபஜோஸ் கரையில் நெருக்கமாக நடுவித்தபோது, அந்நோய் புகுந்து இளந்தழையை மீண்டும் மீண்டும் உதிர்த்தது. கீழ்நாடுகளிலிருந்து கொண்டுபோன உயர்ந்த ஒட்டு ஜாதிகளும் தப்பவில்லை. 1945-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. நோய் இதுவரை ஆசியாவில் நுழையவில்லை. நுழையுமாயின், ஒரே குடும்பத்து மரங்களில் எது எதிர்த்து நிற்கும்?

இக்காரணம் பற்றியே 1981-இல் ரப்பர் ஆராய்ச்சியாளர் மீண்டும் அமேஸான் காட்டிற்குச் சென்று, ஆயிரக்கணக்கான விதைகளைத் திரட்டி, மலேசியாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் வளர்ப்பித்தனர். காட்டு ஜாதி பால் குறைவாகவே தரும். லாபம் கருதும் குடியானவர் எவரும் அதைத் தம் நிலத்தில் வைத்திரார். அதை வைத்துக் காப்பது பொதுத் தோட்டங்களின் வேலை. கியூவைச் சேர்ந்த வேக்ஹர்ஸ்ட் களஞ்சியத்தில் உலர்ந்த விதைகளைப் பூஜ்யத்திற்கு 20 டிகிரி கீழான குளிரில் சேமிக்கின்றனர். ரப்பருக்கும் பலாவுக்கும் அவ்வழி உதவாது. மரமாகவே நிறுத்திக் காக்கவேண்டும். அதற்கு நிலமும் நீரும் ஆளும் வருஷந்தோறும் தேவை.

கிராம உத்தியோகஸ்தர்கள், தங்கள் எல்லையில் தனிக்குணம் வாய்ந்த பழைய பலாமரம் வெட்டப்படுவதாக அறிந்தால், முன்கூட்டியே இலாகாவுக்கு ஒரு கார்டு எழுதுவார்களாக. ஒட்டுக்கன்று எடுக்க அவகாசம் கிடைக்கும்.