விஷத்தைப் பிடிக்கும் குட்டிக் காந்தம்!

மணலில் காந்தத்தைப் புரட்டினால் இரும்புத் தூள் மட்டும் ஒட்டிக்கொண்டு வருமல்லவா? அதே வித்தை குடிநீரையும் சுத்தம் செய்யும், தெரியுமா?

வங்கதேசத்தில் குளத்து நீரால் நோய் பரவியது. அதனால், 1970களில் ஏராளமான அடிகுழாய்கள் போட்டார்கள். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக வந்தது. ஆனால், பூமிக்கடியில் இருந்த ஆர்சனிக் என்ற விஷம் அதில் கலந்திருப்பது 1993ல் தெரிய வந்தது. இதற்கு நிறம், மணம், சுவை எதுவும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது!

இரும்புத் துருவுக்கு ஆர்சனிக்கைப் பிடித்துக்கொள்ளும் குணம் உண்டு. துகள் சிறுக்கச் சிறுக்க, ஒட்டிக்கொள்ளும் பரப்பு கூடும். 2006ல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார், 12 நானோமீட்டர் அளவே உள்ள காந்த இரும்பு ஆக்சைடு துகள்களால் ஆர்சனிக்கைப் பிடித்து, காந்தத்தால் வெளியே இழுத்துக் காட்டினர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால், ஒரு பங்குதான் நானோமீட்டர்!

2010ல் தென்கொரிய விஞ்ஞானிகள், இத்துகள்களைக் கிராஃபீன் தகடுகள் மேல் பதித்தனர். பென்சில் கரியிலிருந்து உரித்த, ஓர் அணு கனமுள்ள ஏடுதான் கிராஃபீன். அத்தகைய ஏடுகளை அடுக்கி வடிகட்டி செய்யும் ஆய்வும் நடக்கிறது.

வங்கதேசத்தில் சோதித்த குழாய்களுக்கு வண்ணம் பூசினார்கள். பச்சை என்றால் குடிக்கலாம். சிவப்பு என்றால் ஆபத்து. சிவப்புக் குழாயிலும் நல்ல தண்ணீர் பிடிக்க வழி வேண்டும். அதற்காகத்தான் இத்தனை முயற்சியும்!