ரன்னிங் பேக் வீரர்களுக்குக் கோடிகளில் ஒப்பந்த நீட்டிப்பு: என்எஃப்எல் அணிகளுக்கு லாபமா, சுமையா?

அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி எதிரணியின் தடுப்பை ஊடுருவி ஓடும் வீரர் 'ரன்னிங் பேக்' என அழைக்கப்படுகிறார். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணி தனது ரன்னிங் பேக் சாக்வான் பார்க்லியின் ஒப்பந்தத்தை 2025 மார்ச் மாதம் மேலும் 2 ஆண்டுகளுக்கு நீட்டித்தது. அதன் மதிப்பு 4.12 கோடி டாலர். ஆண்டுக்கு 2 கோடி டாலருக்கு மேல் சராசரி ஊதியம் பெறும் முதல் ரன்னிங் பேக் என்ற பெருமை இதன் மூலம் அவருக்குக் கிடைத்தது.

இதற்கு இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவான காலத்துக்கு முன்னர், இதே வீரருக்கு நீண்டகால ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அப்போது அவர் விளையாடிய நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியுடனான பேச்சுவார்த்தை தோல்வியில் முடிந்தது. இந்த இரு நிகழ்வுகளுக்கும் இடையே, அமெரிக்கக் கால்பந்தில் நெடுநாளாக நீடிக்கும் ஒரு கேள்வி அடங்கியுள்ளது: நட்சத்திர ரன்னிங் பேக் வீரர்களுக்கு அணிகள் பெருந்தொகை அளித்து ஒப்பந்தத்தை நீட்டிக்க வேண்டுமா?

ஊதிய உச்சவரம்பு எனும் கட்டுப்பாடு

இந்தக் கேள்வி எழுவதற்கு அணி உரிமையாளர்களின் பணப் பற்றாக்குறை காரணமல்ல. 32 அணிகளைக் கொண்ட தேசிய கால்பந்து லீக், அதாவது என்எஃப்எல், 1994 முதல் ஊதிய உச்சவரம்பை நடைமுறைப்படுத்தி வருகிறது. ஓர் அணி தனது வீரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓராண்டில் கணக்கில் கொள்ளத்தக்க தொகை 2023-இல் 22.48 கோடி டாலராக இருந்தது. 2025-இல் அது 27.92 கோடி டாலராக உயர்ந்தது.

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணிக்கும் நிர்ணயிக்கப்படும் செலவு வரம்புடன் இதை ஒப்பிடலாம். ஒரு வீரருக்குக் கூடுதலாக அளிக்கப்படும் ஒவ்வொரு தொகையும் மற்றொரு வீரருக்கான தொகையைக் குறைக்கும். எனவே, 'இந்த வீரர் திறமையானவரா?' என்பதைவிட, 'இதே தொகையில் வேறு யாரை வாங்க முடியும்?' என்பதே அணி மேலாளர்களின் முதன்மையான கணக்காக உள்ளது.

அந்தக் கணக்கில் ரன்னிங் பேக் வீரர்கள் பின்தங்கியே உள்ளனர். டல்லாஸ் கவ்பாய்ஸ் அணியின் குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட் 2024-இல் ஆண்டுக்கு 6 கோடி டாலர் சராசரியில் ஒப்பந்தம் செய்தார். பந்தைப் பிடிக்கும் வைட் ரிசீவரான மின்னசோட்டா அணியின் ஜஸ்டின் ஜெஃபர்சனுக்கு அதே ஆண்டில் சராசரியாக 3.5 கோடி டாலர் கிடைத்தது. 2025-இல் ரன்னிங் பேக் வீரர்களிலேயே அதிக ஊதியம் பெற்ற பார்க்லியின் சராசரி 2.06 கோடி டாலர் மட்டுமே.

இளமையும் குறைந்த ஊதியமும்

உயர்நிலைப் பள்ளியை முடித்து மூன்று ஆண்டுகள் கடந்த பின்னரே ஒரு வீரர் என்எஃப்எல் தேர்வான 'டிராஃப்ட்' முறையில் பங்கேற்க முடியும். 2011-இல் ஏற்பட்ட ஊதிய உடன்பாட்டின்படி, தேர்வாகும் வீரருக்கு 4 ஆண்டுகளுக்கு ஏறக்குறைய முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்ட ஊதியம் வழங்கப்படுகிறது. முதல் சுற்றில் தேர்வானவர்களை ஐந்தாம் ஆண்டும் தக்கவைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு. மூன்று சீசன்கள் முடியும் வரை ஒப்பந்தத்தை மாற்றி எழுதவும் அனுமதியில்லை.

அதன் பின்னரும் வீரருக்கு முழுச் சுதந்திரம் கிடைத்துவிடுவதில்லை. 'ஃபிரான்சைஸ் டேக்' எனப்படும் விதியின்கீழ், நிர்ணயிக்கப்பட்ட ஓராண்டு ஊதியத்தை வழங்கி அவரை வேறு அணிக்குச் செல்லவிடாமல் அணி தடுக்கலாம்.

குவாட்டர்பேக் ஒருவர் முப்பது வயதைக் கடந்தும் உச்சத்தில் இருக்க முடியும். அவருக்கு இந்தக் காத்திருப்பு பெரிய இழப்பன்று. ஆனால், ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமுறை பெரும் உடல் எடை கொண்ட தடுப்பாட்டக்காரர்களால் வீழ்த்தப்படும் ரன்னிங் பேக்கின் நிலை வேறு. அவரது உடல் வலுவாக உள்ள ஆண்டுகள் பெரும்பாலும் குறைந்த ஊதிய ஒப்பந்தத்திலேயே கழிந்துவிடுகின்றன. பெருந்தொகை கேட்கும் தகுதியை அவர் எட்டும்போது, அணிகள் அவரது வயதையும் அதுவரை அவர் தாங்கிய அடிகளையும் எண்ணிப் பார்க்கத் தொடங்குகின்றன.

ரன்னிங் பேக்குகளுக்கான ஃபிரான்சைஸ் டேக் தொகை 2017-இல் 1.212 கோடி டாலராக இருந்தது. 2023-இல் அது 1.009 கோடி டாலராகச் சரிந்தது. அதே காலத்தில் அணிகளின் ஊதிய உச்சவரம்பு 16.7 கோடியிலிருந்து 22.48 கோடி டாலராக உயர்ந்திருந்தது. லீக்கின் வருவாய் பெருகியபோதும் இந்தப் பிரிவினரின் மதிப்பு குறைந்ததையே இது உணர்த்துகிறது.

எச்சரிக்கையாக மாறிய ஒப்பந்தங்கள்

அணிகளின் தயக்கத்துக்கு வலுவான காரணங்கள் உள்ளன. 2005 சீசனில் 1,880 யார்டு ஓடி, லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்ற ஷான் அலெக்சாண்டருடன் சியாட்டில் சீஹாக்ஸ் அணி அடுத்த ஆண்டே 8 ஆண்டுகளுக்கு 6.2 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தது. காயங்களால் அவதியுற்ற அவரை 2008-இல் அணி விடுவித்தது.

லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணி 2018 ஜூலையில் டாட் கர்லிக்கு 4.5 கோடி டாலர் உத்தரவாதத்துடன் 4 ஆண்டு நீட்டிப்பு அளித்தது. அந்த சீசனில் அணி சூப்பர் பவுல் இறுதிப் போட்டிக்கு முன்னேறியது. எனினும், முழங்கால் பாதிப்பால் கர்லியின் பங்களிப்பு படிப்படியாகக் குறைந்தது. சீசனின் இறுதிக் கட்டத்தில் சேர்க்கப்பட்ட சி.ஜே. ஆண்டர்சன் என்ற வீரர் அவரது சுமையைப் பகிர்ந்துகொண்டார். 2020 மார்ச்சில் ராம்ஸ் அணி கர்லியை விடுவித்தபோது அவருக்கு வயது 25.

டல்லாஸ் கவ்பாய்ஸ் அணி 2019-இல் எசக்கியேல் எலியட்டுக்கு 6 ஆண்டுகளுக்கு 9 கோடி டாலர் நீட்டிப்பு அளித்தது. அதில் 5 கோடி டாலர் உத்தரவாதத் தொகையாகும். 2022 சீசனில் அவர் 876 யார்டு ஓடினார். அதே அணியில், நான்காம் சுற்றில் தேர்வாகிக் குறைந்த ஊதியத்தில் விளையாடிய டோனி போலார்ட் 1,007 யார்டு ஓடினார். அடுத்த ஆண்டு மார்ச்சில் எலியட் விடுவிக்கப்பட்டார்.

இத்தகைய விடுவிப்புகளுடன் செலவு முடிந்துவிடுவதில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது வழங்கப்படும் போனஸ், கணக்கில் அதிகபட்சம் 5 ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதப்படுகிறது. வீரர் இடையில் நீக்கப்பட்டால், எஞ்சிய தொகை அணியின் உச்சவரம்புக் கணக்கில் தொடர்ந்து இடம்பெறும். களத்தில் இல்லாத வீரருக்காக அணி தனது வரம்பின் ஒரு பகுதியை இழக்கிறது. இதுவே 'டெட் மணி' எனப்படுகிறது.

மறுபுறம், மலிவான மாற்று வீரர்களும் கிடைக்கின்றனர். 2022 டிராஃப்டின் ஏழாவது, அதாவது கடைசிச் சுற்றில் தேர்வான ஐசாயா பச்சேகோ, அந்த சீசனிலேயே கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் முதன்மை ரன்னிங் பேக்காகி சூப்பர் பவுல் பட்டத்தை வென்றார்.

வீரர்களின் ஆதங்கம்

இந்தச் சூழலில்தான் 2023 ஜூலையில் பார்க்லி, லாஸ் வேகாஸ் ரெய்டர்ஸ் அணியின் ஜோஷ் ஜேக்கப்ஸ், கவ்பாய்ஸ் அணியின் போலார்ட் ஆகிய மூவரும் நீண்டகால ஒப்பந்தம் பெறாமலேயே காலக்கெடு முடிந்தது. முந்தைய சீசனில் 1,653 யார்டு ஓடி லீக்கில் முதலிடம் பிடித்தவர் ஜேக்கப்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது. இதையடுத்து, ஆஸ்டின் எக்லரின் முயற்சியில் முன்னணி ரன்னிங் பேக் வீரர்கள் காணொலி வாயிலாகக் கூடி ஆலோசித்தனர். எனினும், நடைமுறையில் உள்ள ஊதிய உடன்பாட்டின்கீழ் அவர்களால் பெரிதாக எதையும் மாற்ற இயலவில்லை.

ஆட்டத்தைப் புறக்கணிப்பதும் பலனளிக்கவில்லை என்பதற்கு லீவியான் பெல் முன்னுதாரணமாக இருந்தார். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணி அளிக்க முன்வந்த 1.45 கோடி டாலர் ஃபிரான்சைஸ் டேக்கை ஏற்க மறுத்து, 2018 சீசன் முழுவதும் அவர் விளையாடவில்லை. 2019-இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியுடன் 4 ஆண்டுகளுக்கு 5.25 கோடி டாலர் ஒப்பந்தம் செய்தார். ஆனால், பழைய ஆட்டத்தை அவரால் மீட்க முடியவில்லை. 2020 அக்டோபரில் அந்த அணி அவரை விடுவித்தது.

பார்க்லி மாற்றிய கணக்கு

2024 மார்ச்சில் ஜயன்ட்ஸ் அணியிலிருந்து வெளியேறிய பார்க்லி, அதன் நேரடிப் போட்டியாளரான ஈகிள்ஸ் அணியில் 3 ஆண்டுகளுக்கு 3.775 கோடி டாலருக்கு இணைந்தார். அந்த சீசனில் 16 ஆட்டங்களில் 2,005 யார்டு ஓடினார். பிளே ஆஃப் சுற்றுகளையும் சேர்த்து அவர் எடுத்த 2,504 யார்டு, ஒரே சீசனுக்கான புதிய சாதனையானது. தனது 28-ஆவது பிறந்தநாளான 2025 பிப்ரவரி 9 அன்று, சீஃப்ஸ் அணியை 40-22 என வீழ்த்திய ஈகிள்ஸ் அணியுடன் சூப்பர் பவுல் கோப்பையைக் கையில் ஏந்தினார். அவரை விட்டுக்கொடுத்த ஜயன்ட்ஸ் அணி அந்த சீசனில் 3 வெற்றி, 14 தோல்விகளைப் பெற்றது.

பால்டிமோர் ரேவன்ஸ் அணியும் இதே பாதையில் பயனடைந்தது. 2 ஆண்டுகளுக்கு 1.6 கோடி டாலருக்கு அந்த அணியில் சேர்ந்த டெரிக் ஹென்றி, தனது 30-ஆவது வயதில் 1,921 யார்டு ஓடினார். 2025 மே மாதம் அவருக்கு மேலும் 2 ஆண்டுகளுக்கு 3 கோடி டாலர் நீட்டிப்பு அளிக்கப்பட்டது.

எனினும், இதிலிருந்து 'பெருந்தொகை கொடுத்தால் வெற்றி நிச்சயம்' என்ற முடிவுக்கு வர இயலாது. பார்க்லி 2023-இல் ஜயன்ட்ஸ் அணிக்காக 962 யார்டுகளே ஓடினார். ஈகிள்ஸ் அணியில் அவருக்கு முன்னால் பாதை அமைத்துக் கொடுத்த லேன் ஜான்சன், ஜோர்டான் மைலட்டா உள்ளிட்ட தடுப்பு வரிசை வீரர்கள் லீக்கின் மிகச் சிறந்தவர்களில் அடங்குவர். ஜயன்ட்ஸ் அணியில் பார்க்லியின் இடத்தை நிரப்பிய, ஐந்தாம் சுற்றில் தேர்வான டைரோன் டிரேசியும் அறிமுக சீசனிலேயே 839 யார்டு ஓடினார். அந்த அணியின் சரிவுக்கு ரன்னிங் பேக்கின் இழப்பு மட்டுமே காரணமல்ல.

இதே ஈகிள்ஸ் அணிக்கு மாறான அனுபவமும் உண்டு. 2014-இல் கவ்பாய்ஸ் அணிக்காக 1,845 யார்டு ஓடிய டிமார்கோ முர்ரேயை, 5 ஆண்டுகளுக்கு 4.2 கோடி டாலருக்கு 2015-இல் அது ஒப்பந்தம் செய்தது. அங்கு அவர் 702 யார்டு மட்டுமே ஓடினார். ஒரே சீசனில் டென்னஸ்ஸி அணிக்கு மாற்றப்பட்ட அவர், அங்கு 1,287 யார்டு ஓடினார். வீரரின் திறமையைப் போலவே, அவரைச் சுற்றியுள்ள அமைப்பும் முக்கியம் என்பதற்கு இது சான்றாகும்.

கிறிஸ்டியன் மெக்காஃப்ரியின் அனுபவம் இரு தரப்பு வாதத்துக்கும் இடமளிக்கிறது. கரோலினா பேந்தர்ஸ் அணி 2020-இல் அவருக்கு 4 ஆண்டுகளுக்கு 6.4 கோடி டாலர் நீட்டிப்பு அளித்தது. அடுத்த இரு சீசன்களில் காயத்தால் அவர் 10 ஆட்டங்களில் மட்டுமே விளையாடினார். 2022-இல் சான் பிரான்சிஸ்கோ அணிக்கு மாறி, 2023-இல் 1,459 யார்டுகளுடன் முதலிடம் பிடித்தார். 2024 ஜூனில் மேலும் 2 ஆண்டுகளுக்கு 3.8 கோடி டாலர் நீட்டிப்பு கிடைத்தது. அந்த சீசனில் காயத்தால் 4 ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார்.

எப்போது நீட்டிக்கலாம்?

இந்த அனுபவங்களிலிருந்து சில பொதுவான அளவுகோல்களை வகுக்க முடிகிறது. முதலாவதாக, ஒப்பந்தக் காலம் குறுகியதாக இருக்க வேண்டும். எலியட், அலெக்சாண்டர் ஆகியோருக்கு அளிக்கப்பட்ட நீண்டகால ஒப்பந்தங்கள் பாதியிலேயே முடிந்தன. பார்க்லி, ஹென்றி ஆகியோருக்கு 2025-இல் அளிக்கப்பட்டவை தலா 2 ஆண்டு நீட்டிப்புகளே.

இரண்டாவதாக, மொத்த மதிப்பைவிட உத்தரவாதத் தொகையே முக்கியம். செய்திகளில் இடம்பெறும் பெரிய எண் முழுவதும் வீரரின் கைக்கு வருவதில்லை. உத்தரவாதம் இல்லாத பகுதியிலிருந்து அணி விலகிவிட முடியும். எனவே, அணிக்கான அபாயமும் வீரருக்கான பாதுகாப்பும் இந்த ஒரே எண்ணில் அடங்கியுள்ளன.

மூன்றாவதாக, அணி எந்த நிலையில் உள்ளது என்பதைக் கருத வேண்டும். வலுவான தடுப்பு வரிசையும் நிலையான குவாட்டர்பேக்கும் அமைந்த அணிக்கு, சிறந்த ரன்னிங் பேக் இறுதி வெற்றிக்கான திறவுகோலாகலாம். அடித்தளமே இல்லாத அணி அதே தொகையைத் தடுப்பு வரிசைக்குச் செலவிடுவதே பயனளிக்கும்.

கடந்த சீசனின் சாதனைக்குப் பரிசாக வழங்கப்படும் ஒப்பந்தங்களே பெரும்பாலும் அணிகளுக்குச் சுமையாக மாறியுள்ளன. ஒப்பந்தம் விலை கொடுப்பது வரவிருக்கும் ஆண்டுகளுக்கு. கடந்துபோன யார்டுகளுக்கு அன்று. இந்த வணிகக் கணக்கு அணிகளின் பார்வையில் சரியானதே.

ஆனால், வீரர்களின் பார்வையில் இதுவே அநீதியாகிறது. சாதித்த ஆண்டுகளில் விதிகளால் ஊதியம் கட்டுப்படுத்தப்படுகிறது. கட்டுப்பாடு நீங்கும்போது சாதனை பழங்கதையாகிவிடுகிறது. இரண்டு அல்லது மூன்று அணிகள் தாராளம் காட்டுவதால் இந்த முரண்பாடு நீங்காது. புதிய வீரர்களின் ஒப்பந்தக் காலம், ஃபிரான்சைஸ் டேக் ஆகிய விதிகளை அணி உரிமையாளர்களும் வீரர்கள் சங்கமும் பேச்சுவார்த்தை மூலம் மாற்றினால் மட்டுமே அது சாத்தியம். தற்போதைய ஊதிய உடன்பாடு 2030 சீசன் வரை நடைமுறையில் இருக்கும்.