எண்பதாவது பெட்டிக்குப் பிறகு

இமாலயச் சரிவுகளில் பிக்கப் வண்டிதான் சிறு முதலாளியின் மொத்தச் சொத்து. மாதத் தவணை ஒரு பக்கம் இழுக்க, பாரம் மறுபக்கம் தள்ள, நடுவில் சிக்கித் தவிக்கிறது பிரேக்.

ஜூலை பிறந்துவிட்டால் ஹிமாச்சலப் பிரதேசத்தின் சிம்லா மாவட்டத்தில் யாருக்கும் தூங்க நேரமிருப்பதில்லை. கோட்காய், ஜுப்பல், ரோஹ்ரு, நார்கண்டா பகுதித் தோட்டங்களில் ஆப்பிள் சிவக்கத் தொடங்கும். அக்டோபருக்குள் அத்தனையும் மலையிறங்கியாக வேண்டும். பெரிய லாரிகள் நெடுஞ்சாலையோடு நின்றுவிடும். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய அகலத்தில், பாதி இடத்தில் தாரே இல்லாமல் தோட்டம் வரை ஏறும் கிராமச் சாலைகள் அவற்றுக்குச் சரிப்படாது. அங்கே ஏறிப் போய்ப் பெட்டிகளை அள்ளிவந்து தல்லி, பராலா, பர்வானூ மண்டிகளில் சேர்ப்பது பிக்கப் வண்டி. 2023-ல் பெருமழை ஹிமாச்சலத்துச் சாலைகளை அரித்துக்கொண்டு போனபோது, பழம் தோட்டத்திலேயே தேங்கியது. அப்போது முதலில் திறந்துவிடப்பட்ட ஒற்றைத் தடத்தில் நுழைய முடிந்ததும் இந்தச் சின்ன வண்டிகளால்தான்.

இவற்றில் பல, ஒற்றை வண்டி முதலாளிகளுக்குச் சொந்தமானவை. முதலாளியே டிரைவர், அவரே கிளீனர், அவரே கணக்குப்பிள்ளை. வண்டி ஓடினால் வீட்டில் உலை கொதிக்கும். அந்த வண்டியை வாங்குவது, அதற்கு வேண்டியதைப் பூட்டுவது, பராமரிப்பது என்ற மூன்றுமே கடைசியில் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: எத்தனை பெட்டி ஏற்றுவது?

இந்திய ரோட்டில் இந்த ரக வண்டிகளின் வம்சம் பழையதல்ல. 1980-களின் நடுவில் ஜப்பானியக் கம்பெனிகளுடன் கைகோத்துப் பல சின்ன லாரிகள் வந்து இறங்கின. அவற்றுக்குப் போட்டியாக டாடா 1986-ல் இறக்கிய 407, நாடு முழுவதும் வீட்டுப் பெயராயிற்று. 2005-ல் அதே கம்பெனி இரண்டு சிலிண்டர் எஞ்சினுடன் ‘ஏஸ்’ என்ற குட்டி யானையைக் கொண்டுவந்து, மூன்று சக்கர வண்டிக்காரர்களை நான்கு சக்கரத்துக்கு மாற்றியது. 2011-ல் அசோக் லேலண்டின் ‘தோஸ்த்’ ஓசூரிலிருந்து கிளம்பியது. ஜீப்பில் தொடங்கிய மஹிந்திராவின் பொலேரோ பிக்கப், மலைக்கும் மண் ரோட்டுக்கும் ஏற்ற வண்டி என்று பெயர் வாங்கியது. அதில் 1.7 டன் சுமக்கும் ரகம் பிரபலம். 2023-ல் அறிமுகமான புது வரிசையில் இரண்டு டன் சுமக்கும் வண்டியும் சேர்ந்துகொண்டது.

சட்டமும் இந்த வண்டிகளுக்குச் சாதகம். 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டப்படி, மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. ஓட்டுவதற்குக் கனரக லைசென்ஸும் வேண்டாம். சாதாரண இலகுரக லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2017-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்ச் மூலம் அதை உறுதி செய்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகள் மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததும் வாங்குபவருக்குக் கிடைத்த லாபம். ஆக, நுழைவாயில் அகலமானது. சிக்கல் உள்ளே போன பிறகுதான்.

முதல் சிக்கல், தவணை. கையில் ரொக்கத்துடன் வண்டி வாங்குபவர் அபூர்வம். இந்தத் தொழிலுக்குப் பணம் கொடுப்பதில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 1979-ல் சென்னையில் தொடங்கப்பட்ட ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ், வங்கிகள் ஏறிட்டும் பார்க்காத பழைய லாரிகளுக்குக் கடன் கொடுத்தே வளர்ந்தது. சுந்தரம் ஃபைனான்ஸும் சோழமண்டலமும் அதே ஊர்க்காரர்கள்தான். ஹிமாச்சலத்தில் ஓடும் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தில் சென்னைக் கம்பெனியின் பெயர் இருந்தால் ஆச்சரியமில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எட்டு லட்ச ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,400 ரூபாய். வருடத்துக்கு 2,08,800. தவணை பன்னிரண்டு மாதமும் வரும். ஆப்பிள் நான்கு மாதம்தான் வரும். மீதி மாதங்களில் சிமெண்ட், ஜல்லி, உருளைக்கிழங்கு, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான் என்று கிடைத்ததைச் சுமந்து டீசல் காசு பார்க்கலாம். எனவே வருடத் தவணை முழுவதையும் நூறு நாள் ஆப்பிள் ஓட்டத்தில் எடுத்துவிட வேண்டும் என்று முதலாளி நினைத்தால், ஒரு நாளைக்கு 2,088 ரூபாய் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் பெட்டிக் கணக்கு உள்ளே நுழைகிறது. ஹிமாச்சல அரசு 2024 பருவத்திலிருந்து ஆப்பிளுக்கு ஒரே அளவிலான அட்டைப் பெட்டியைக் கட்டாயமாக்கியது. அதில் சுமார் 20 கிலோ பழம் பிடிக்கும். அதற்கு முன் புழங்கிய பெட்டிகளில் இதைவிட எவ்வளவோ அதிகம் அமுக்கித் திணிப்பார்கள். பெட்டியின் எண்ணிக்கையை வைத்து வண்டியின் எடையைச் சொல்லவே முடியாது. இப்போது கணக்கு சுலபம். அட்டையின் எடையையும் சேர்த்து 21 கிலோ என்றால், 1.7 டன் வண்டிக்கு எண்பது பெட்டியோடு சரி.

ஆனால் வண்டியில் இடம் அதற்கு மேலும் இருக்கிறது. பெட்டிக்கு 50 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொண்டால், நாற்பது பெட்டி கூட ஏற்றினால் 2,000 ரூபாய். அன்றைய தவணைப் பணம் கிட்டத்தட்ட முழுசாக வந்துவிடுகிறது. ஆசை பிறப்பது இங்கேதான். நூற்று இருபது பெட்டி என்பது 2,520 கிலோ. வண்டி தாங்க வேண்டியதைவிட 820 கிலோ அதிகம். பிடிபட்டால் விளைவு என்ன என்பதும் தெரிந்த விஷயம்தான். 2019 செப்டம்பர் முதல் அமலுக்கு வந்த திருத்தச் சட்டத்தில் அதிக பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000. சுமையை இறக்கும் செலவும் வண்டிக்காரர் தலையில். ஒரு அபராதம், பத்து நடையின் கூடுதல் வருமானத்தை விழுங்கிவிடும். பிடிபடாத நாட்களுக்கான அபராதத்தை வண்டி தானே வசூலித்துக்கொள்கிறது.

புது வண்டி ஷோரூமிலிருந்து நேராக மண்டிக்குப் போவதில்லை, பட்டறைக்குப் போகிறது. பக்கப் பலகைகளுக்கு மேல் இரும்புச் சட்டம் ஏறுகிறது. பெட்டிகளை இன்னும் இரண்டு வரிசை உயர்த்தி அடுக்க அது வேண்டும். உயரம் கூடக் கூட பாரத்தின் மையமும் மேலே போகிறது. கொண்டை ஊசி வளைவில் வண்டி வெளிப்பக்கம் சாயும். அடுத்தது ஸ்பிரிங். வடக்கே அதற்கு ‘கமானி’ என்று பெயர். பின்பக்க ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு பட்டைகளைக் கூடுதலாகக் கட்டிவிட்டால் எவ்வளவு ஏற்றினாலும் வண்டி உட்காராது. பார்ப்பதற்குத் தெம்பாக நிற்கும்.

அந்தத் தெம்புதான் ஏமாற்று. பட்டையைச் சேர்த்ததால் ஸ்பிரிங் மட்டும்தான் பலப்பட்டது. அச்சு, ஹப் பேரிங், சக்கர போல்ட், சேஸிஸ், பிரேக் எல்லாம் பழைய எடைக்குச் செய்தவையே. இதைவிட மோசமான சங்கதி ஒன்று உண்டு. பல பிக்கப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியும் வால்வும் இருக்கும். சுமை ஏறி வண்டி தாழ்ந்தால், பின்சக்கர பிரேக்குக்கு அந்த வால்வு அதிக அழுத்தம் அனுப்பும். வண்டி காலியாக இருந்தால், பின்சக்கரம் வழுக்காமலிருக்க அழுத்தத்தைக் குறைக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே எடைக்கல். கூடுதல் பட்டை கட்டிய வண்டி இரண்டரை டன்னிலும் தாழாது. வால்வு அதைக் காலி வண்டி என்றே எடுத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். பாரம் அதிகமாக இருக்கும் நேரத்தில், பிரேக் குறைந்த வண்டி. ஸ்பிரிங் மாற்றியவர்கள் இந்த வால்வைச் சரிபார்க்காவிட்டால் வினையை விலைக்கு வாங்கியதாகத்தான் அர்த்தம்.

மலையில் ஏற்றம் எஞ்சினின் பரீட்சை. இறக்கம் பிரேக்கின் பரீட்சை. சிம்லா ரயில் நிலையம் 2,076 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அடிவாரத்தில் பர்வானூவை ஒட்டியுள்ள கால்கா நிலையம் 656 மீட்டரில். நியாயமான பாரத்துடன் மூன்றரை டன் வண்டி இந்த 1,420 மீட்டரையும் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஒன்றேகால் லிட்டருக்கும் மேல் டீசலை எரித்தால் வரும் வெப்பத்துக்குச் சமம். நூற்று இருபது பெட்டி ஏற்றினால் அது ஒன்றரை லிட்டரைத் தாண்டும். ஒரு பகுதி காற்றிலும் டயரிலும் போகும். மீதியை எஞ்சின் வாங்கிக்கொள்ள வேண்டும், அல்லது பிரேக் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதற்காகத்தான். தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விட்டால் முழு வேலையும் பிரேக் மேல் விழும். லைனிங் சூடேறிப் பிடி தளரும். எஞ்சினையும் அணைத்துவிட்டால் பிரேக்குக்கு உதவும் வாக்குவமும் நாலு மிதியில் தீர்ந்துபோகும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் கொண்டது; பழையதானால் சூட்டில் கொதித்துக் குமிழ் விடும். அப்போது பெடல் மெத்தென்று தரைவரை போகும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயிலை மாற்ற ஆகும் செலவு, ஒரு நடை வாடகைக்குள் அடங்கிவிடும்.

பராமரிப்பு என்றால் இப்படிச் சின்னச் சின்னச் செலவுகள்தான். டயரில் காற்றழுத்தத்தை வண்டி குளிர்ந்திருக்கும் காலையில் பார்க்க வேண்டும். ரீட்ரெட் செய்த டயரை முன்சக்கரத்தில் மாட்டக் கூடாது. ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ-போல்ட்டுகளைப் பட்டறை வேலைக்குப் பிறகு சில நூறு கிலோமீட்டரில் மறுபடி முறுக்க வேண்டும். கிரீஸ் அடிக்க வேண்டும். டீசல் ஃபில்டரில் சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும்.

2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பி.எஸ்.-6 வண்டிகள் இந்தப் பட்டியலில் இன்னொன்றைச் சேர்த்துவிட்டன. பல டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அந்தக் கரி எரிந்து தீர வண்டி நல்ல சூட்டில் தொடர்ந்து கொஞ்ச தூரம் ஓட வேண்டும். மண்டி வாசலில் எஞ்சினை அணைக்காமல் மணிக்கணக்கில் வரிசையில் நின்றால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் எரியும் விளக்கை அலட்சியம் செய்தால் செலவு ஆயிரங்களில் நிற்காது. ஆயிலும் சாம்பல் குறைந்த ரகமாக இருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் கிடைத்ததை ஊற்றக் கூடாது.

பெட்டிக்குப் பதிலாக ஆட்கள் ஏறும்போது, இந்தக் கணக்குகள் பணத்தோடு நிற்பதில்லை. தோட்டக் கூலிகளும் கல்யாணக் கூட்டமும் பிக்கப்பின் பின்னால் நின்று பயணம் செய்வது நாடு முழுவதும் சகஜம். 2024 மே 20 அன்று சத்தீஸ்கரின் கபீர்தாம் மாவட்டத்தில் பீடி இலை பறித்துத் திரும்பிக்கொண்டிருந்தவர்களின் பிக்கப் பள்ளத்தில் கவிழ்ந்து 19 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பழங்குடிப் பெண்கள். சரக்கு வண்டியில் இலவசமாக ஏறிய பயணிக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பாகாது என்று உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லியிருக்கிறது. ஒரு விபத்து, பல குடும்பங்களோடு வண்டி முதலாளியின் குடும்பத்தையும் சேர்த்தே கவிழ்த்துவிடும்.

எடைமேடையை வட இந்தியாவில் ‘தரம் காண்டா’ என்கிறார்கள். தர்மத்தின் தராசு என்று பொருள். அதன் மேல் ஏறி இறங்கச் சில நிமிடங்கள் போதும். ஆனாலும் பல வண்டிகள் அதை ஒதுங்கிக் கடந்துவிடுகின்றன. எண்பது பெட்டியோடு இறங்குபவர் பருவத்தில் சில நடைகள் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். நூற்று இருபது ஏற்றுபவருக்கு நடை குறையும். கமானிப் பட்டறை, கிளட்ச் பிளேட், டயர்க் கடை என்று போகும் பாதை கூடும். வண்டிக்கு எட்டு வயதாகும் வரை தகுதிச் சான்றிதழை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். அதற்குப் பிறகு வருடா வருடம். அந்தப் பரிசோதனைக்குள் வண்டி தைரியமாக நுழையுமா என்பது, முதல் ஐந்து வருடம் அதை எப்படிச் சுமக்க வைத்தார்கள் என்பதைப் பொறுத்தது.

அறுபது மாதம் தவணை கட்டி முடிக்கும் வரை வண்டி ஃபைனான்ஸ்காரருக்காக ஓடுகிறது. முதலாளிக்காக அது ஓடத் தொடங்குவது அறுபத்தோராவது மாதத்தில்தான். அப்போது ஓடுவதற்கு வண்டியும், ஓட்டுவதற்கு முதலாளியும் மிச்சமிருக்க வேண்டும்.