உங்களுக்குத் தெரியுமா? மூட்டுவலியோடு ஒரு சிறகு மனிதன்

சிறகுள்ள ஒருவன் வந்துவிட்டால் அது மிகுபுனைவு நாவல் என்று முடிவுகட்டி விடுகிறோம். டேவிட் ஆல்மண்ட் எழுதி 1998-இல் வெளிவந்து, பிரிட்டனின் கார்னகி பதக்கம் பெற்ற ‘ஸ்கெல்லிக்’ அதற்குள் அவ்வளவு எளிதாக அடங்காது. புதுவீட்டின் இடிந்து விழப்போகும் கார் ஷெட்டில் மைக்கேல் என்ற சிறுவன் காணும் அந்த உருவத்துக்கு மூட்டுவாதம். கேட்பது ஆஸ்பிரின், பீர், சீன உணவகப் பட்டியலில் 27, 53 எண்ணுள்ள பண்டங்கள். முதுகில் மடங்கிக் கிடப்பதோ சிறகு! வீட்டில் மைக்கேலின் கைக்குழந்தைத் தங்கைக்கு இதயக் கோளாறு. சிறகையும் மருத்துவமனையையும் ஆல்மண்ட் ஒரே சாதாரணக் குரலில் சொல்லிப் போகிறார். அசாதாரணத்தை அன்றாடம்போலச் சொல்லும் மாய யதார்த்தம் குடியிருப்பது அந்தக் குரலில்தான்.

அந்தச் சிறகு மனிதன் யாரென்று கடைசிவரை விளக்காதது சிறுவர்களைக் குழப்பாதா என்று கேட்கலாம். தங்கை பிழைப்பாளா என்பதற்கே உறுதியான பதில் கிடைக்காத வீட்டில், இன்னொரு விடையில்லாக் கேள்வி அந்நியமாகத் தெரியாது. (விளக்கம் கேட்டு அடம்பிடிப்பவர்கள் பெரும்பாலும் பெரியவர்கள்தான்.) சிறகு முளைத்த கிழவரைக் கோழிக்கூண்டில் அடைத்துவைக்கும் தம் 1968 சிறுகதைக்கு, மாய யதார்த்த எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸும் ‘குழந்தைகளுக்கான கதை’ என்றே துணைத்தலைப்பு இட்டிருந்தார்.